முன்னால் நடந்து பின்னால் ஒலித்த வாத்தியம்

எல்லை ஊர்களின் இசை – பகுதி 17

ஆண்டுதோறும் நவராத்திரிக்குச் சற்று முன்பாக, பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் எல்லையைத் தாண்ட வேண்டும். தமிழ்நாட்டுக் காவல்துறை வழியனுப்பும். கேரளக் காவல்துறை அணிவகுப்பு மரியாதையோடு எதிர்கொண்டு அழைக்கும். பிறகு பாறசாலை வழியாக நடந்து, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் தங்குவார்கள். அந்தச் சாலையோரம் நின்று கேட்பவருக்கு ஒரே நாளில் இரண்டு இசை மரபுகள் காதில் விழும். ஒன்று நாகஸ்வரமும் தவிலும். மற்றொன்று பேண்டு வாத்தியம்.

இரண்டாவதைப் பற்றித்தான் இந்த வாரம். அதிலும் ஒரே ஒரு வாத்தியத்தைப் பற்றி: டிராம்போன்.

பேண்டு செட் தெருவில் வரும்போது டிராம்போன்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் முதல் வரிசையில் நடப்பார்கள். அது மரியாதைக்காகக் கிடைத்த இடம் அல்ல. அந்த வாத்தியத்துக்கு விரலால் அழுத்தும் பொத்தான் கிடையாது. குழாயையே முன்னும் பின்னும் இழுத்துத்தான் ஸ்வரத்தை மாற்ற வேண்டும். கையை முழுக்க நீட்டினால் முன்னால் போகிறவரின் முதுகில் இடிக்கும். ஆகவே முன்னால் யாரும் இல்லாத இடத்தில் அவர்களை நிறுத்தினார்கள். இசையில் அவர்கள் இடம் அதற்கு நேர்மாறு. பாட்டின் மெட்டை டிரம்பெட்டும் கிளாரினெட்டும் எடுத்துக்கொள்ளும். டிராம்போன் அடியில் நின்று தாங்கிக் கொடுக்கும். முன்னால் நடந்து பின்னால் ஒலிப்பதுதான் அதன் விதியாக இருந்தது.

அது இந்த மண்ணுக்கு எப்படி வந்தது?

1878-ல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் சார்லஸ் ஃப்ரை என்ற கட்டடக் கொத்தனாரும் அவருடைய மூன்று மகன்களும் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் தெருக்கூட்டங்களுக்குத் துணையாகப் பித்தளை வாத்தியங்களோடு வந்து நின்றார்கள். கூட்டத்தில் கலகம் செய்ய வருகிறவர்களிடமிருந்து பிரசங்கிகளைக் காப்பதுதான் முதல் நோக்கம். கையில் இருந்த வாத்தியங்கள் கூச்சலை அடக்கவும் உதவின. அவர்களிடம் இருந்த நான்கு வாத்தியங்களில் ஒன்று, இழுவைக்குப் பதில் விரலால் அழுத்தும் வால்வு வைத்த டிராம்போன். உலகெங்கும் பரவிய இரட்சணிய சேனை பேண்டுகளின் தொடக்கம் இந்த ஒரு குடும்பம்தான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1882 செப்டம்பரில், ஃபிரெடரிக் டக்கர் மூன்று பேரோடு பம்பாயில் வந்து இறங்கினார். காவி உடுத்தி, ஃபக்கீர் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டார். வாத்தியம் முழங்கத் தெருவில் ஊர்வலம் போனதற்காகவே காவல்துறை அவர்களைக் கைது செய்தது. தெற்கே அவர்கள் இயக்கம் வந்து சேர்ந்தது 1892-ல். மேஜர் தேவசுந்தரமும் உடன் மூவரும் மருந்துவாழ் மலையில் உபவாசமிருந்து ஜெபித்ததையே தங்கள் தொடக்கமாக இன்றும் சொல்கிறார்கள். நாள் மே 27. 1896 மார்ச் 8-ல் கேப்டன் யேசுதாசன் சஞ்சீவி திருவிதாங்கூரில் பணியைத் தொடங்கினார். இன்று நெய்யாற்றின்கரை அந்தச் சேனையின் ஒரு டிவிஷன்.

அதற்கு முன்பே இலண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவச் சங்கம் இங்கே வேரூன்றிவிட்டது. ஆனால் அவர்கள் வழி முதலில் தொண்டை வழி. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் திருப்புறத்தில் 1847-ல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் மலையாளக் கீர்த்தனைகள் எழுதினார். அவை இன்றும் எல்லைக்கு அந்தப் பக்கச் சபைகளில் பாடப்படுகின்றன. ராகம் கோயிலிலிருந்து சபைக்கு வந்தது. பித்தளை வாத்தியம் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. இரண்டும் பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சபைகளில் ஒரே கூரைக்குக் கீழ் சந்தித்தன.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும் வரை, திருவிதாங்கூரில் பெரும்பகுதி மக்களுக்குக் கோயிலுக்குள் போக உரிமை இல்லை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவே தடை இருந்த இடங்களும் உண்டு. கோயில் வாத்தியம் அவர்கள் கைக்கு எட்டாத பொருள். அப்படி விலக்கப்பட்ட குடும்பத்துப் பையன் ஒருவன் கையில் பளபளக்கும் பித்தளைக் குழலைக் கொடுத்து, ஸ்வரம் படிக்கச் சொல்லிக் கொடுத்து, ‘தெருவின் நடுவில் நட, சத்தமாக ஊது’ என்று சொன்னது இந்தப் பேண்டுதான். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் இன்று ஊதும் பேண்டு செட்டுகளைக் காதுக்குத் தொந்தரவு என்று சொல்கிறவர்கள், அந்தச் சத்தத்துக்குள் ஒரு நூற்றாண்டு விடுதலை இருப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் டிராம்போன் பின்பாட்டாகவே இருந்தது. அதை முன்னால் கொண்டுவரலாம் என்று நிரூபிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவர்கள் இங்கே இல்லை, நியூயார்க்கில் இருந்தார்கள்.

1954 ஆகஸ்டு இந்த எல்லையின் வரலாற்றில் ரத்தம் சிந்திய மாதம். 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர் தமிழர் போராட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அது பற்றி இந்தத் தொடரில் முன்பே விரிவாக எழுதியாயிற்று. அதே மாதம் 24-ம் தேதி, சவாய் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்துக்காக இரண்டு டிராம்போன்காரர்கள் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்து நின்றார்கள். ஜே.ஜே. ஜான்சன், கை வைண்டிங். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நம் வீட்டுக் காலண்டரில் அந்த மாதத்தை வேறொரு காரணத்துக்காகக் குறித்து வைத்திருக்கிறோம் என்பதால் சொல்கிறேன்.

ஜான்சன் 1924-ல் இண்டியானாபொலிஸில் பிறந்த கறுப்பர். இருபது வயதுக்குள் பென்னி கார்ட்டரின் குழுவில் இடம் பிடித்தார். பிறகு கவுண்ட் பேசியின் குழு. அந்தக் காலத்தில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பீபாப் என்ற புது ஜாஸை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்: கண்மூடித்தனமான வேகம், நொடிக்கொரு திருப்பம். சாக்ஸபோனுக்கும் டிரம்பெட்டுக்கும் அது சரிப்பட்டது. டிராம்போனுக்குச் சரிப்படாது என்பதே பொதுக் கருத்து. ஏன் என்று புரிந்துகொள்ள அந்த வாத்தியத்தின் உடம்பைப் பார்க்க வேண்டும். சுருட்டி வைத்த குழாயின் மொத்த நீளம் சுமார் 9 அடி. இழுவைக்கு ஏழு நிலைகள். அந்த ஏழுக்கும் கோடோ அடையாளமோ கிடையாது. காதும் முழங்கையும்தான் கணக்கு. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கை போகும்போது நடுவில் உள்ள எல்லாச் சுருதிகளும் வழிந்து கேட்கும். நியூ ஆர்லியன்ஸ் பழைய வண்டி ஊர்வலங்களில், இழுக்க இடம் வேண்டி வண்டியின் வாலில் உட்கார்ந்து ஊதியவர்கள் அந்த வழிசலையே ஒரு வேடிக்கையாக்கிக்கொண்டார்கள். ஜான்சன் அதை ஒழித்துக்கட்டினார். நாகஸ்வரக்காரர் துத்துகாரம் என்று சொல்லும் நாக்கு வேலையைப் போல, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் வெட்டி வெட்டி எடுத்து, கை நகரும் நேரத்தை மறைத்தார். தட்டில் கேட்டவர்கள் பலர், இது வால்வு வைத்த டிராம்போனாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பினார்கள். 1947 டிசம்பரில் பார்க்கரே அவரை ஒலிப்பதிவுக்கு அழைத்தார்.

இவ்வளவு பெயர் இருந்தும் பிழைப்பு நடக்கவில்லை. 1952 முதல் 1954 வரை ஜான்சன் ஸ்பெர்ரி என்ற கருவித் தொழிற்சாலையில் பொறியியல் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனார். தன் வாத்தியத்தில் உலகிலேயே முதல் ஆள் என்று பலரும் ஒப்புக்கொண்ட ஒருவர் காலையில் தொழிற்சாலைக்குப் போனார் என்பது எனக்குப் படிக்கும்போதெல்லாம் வலிக்கிறது. நம் ஊர்களில் பகலில் ரப்பர் வெட்டி, மாலையில் பேண்டுக்குப் போகிறவர்களை நினைத்தால் அது புரியாத கதையும் அல்ல.

வைண்டிங் 1922-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் பிறந்து, 12 வயதில் அமெரிக்கா வந்த வெள்ளையர். போர்க்காலத்தில் கடலோரக் காவல்படையின் பேண்டில் ஊதினார். பிறகு ஸ்டான் கென்டனின் பெரிய குழு. ஜான்சனின் நாதம் உலர்ந்தது, சீரானது, அசைவு குறைந்தது. வைண்டிங்கின் நாதத்தில் பித்தளை மினுக்கம் கூடுதல். நீண்ட ஸ்வரத்தின் வாலில் ஒரு நடுக்கம் வைப்பார். இருவரும் சேர்வதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, தங்களை அறியாமல் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஒன்பது பேர் குழு 1949 ஜனவரியில் ஒலிப்பதிவு செய்தபோது டிராம்போன் வைண்டிங். அதே ஆண்டு ஏப்ரலில் ஜான்சன்.

சவாய் பதிவில் சார்ல்ஸ் மிங்கஸ் பாஸ் வாசித்தார், கென்னி கிளார்க் டிரம்ஸ். இரண்டு டிராம்போனை வைத்து ஒரு முழுத் தட்டா என்று சந்தேகப்பட்டவர்களிடம் நியாயம் இருந்தது. இரண்டும் ஒரே அளவு வாத்தியம், ஒரே எல்லைக்குள் ஒலிப்பது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்தால் மேல் குரல், கீழ்க் குரல் என்று பிரித்துக்கொள்ளலாம். இங்கே எவர் மேல், எவர் கீழ்? இரண்டு கனத்த குரல்கள் சேர்ந்தால் காது சலித்துவிடாதா?

அவர்கள் கண்டுபிடித்த விடையை நாகஸ்வரக் கச்சேரி கேட்டுப் பழகிய காது உடனே பிடித்துக்கொள்ளும். இரட்டை நாகஸ்வரம் நம் வழக்கம். ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-ல் வந்தபோது திரைக்குப் பின்னால் வாசித்த மதுரை சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும் அதைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்குக்கெல்லாம் கொண்டுபோனார்கள். கீர்த்தனையை இருவரும் ஒன்றாக எடுப்பார்கள்; ஆலாபனையில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடுவார்; அவர் வாசிக்கும்போது இவர் சுருதியில் நிற்பார். ஜான்சனும் வைண்டிங்கும் இதே முறைக்குத் தங்கள் வழியில் வந்து சேர்ந்தார்கள். மெட்டைச் சேர்ந்து ஊதுவார்கள். பிறகு ஒருவர் தனியே கற்பனைக்குப் போவார். மற்றவர் சும்மா நிற்காமல் அடியில் ஒரு மெல்லிய கோடு போட்டுக்கொண்டே வருவார். கடைசியில் எட்டுக்கு எட்டு, நான்குக்கு நான்கு என்று கேள்வி பதிலாக மாற்றிக்கொள்வார்கள். எங்கே நம் முறையிலிருந்து விலகுகிறார்கள் என்றால், மேல் கீழை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாததில். முதல் வரியில் மேலே போனவர் இரண்டாவது வரியில் கீழே இறங்குவார். போதாததற்குக் குழலின் வாயில் விதவிதமான அடைப்பான்களைச் செருகி, ஒரே வாத்தியத்தை நான்கைந்து நிறமாக்கினார்கள். கண்ணை மூடிக் கேட்டால் சில இடங்களில் யார் யார் என்று சொல்லவே முடியாது. அடுத்த ஸ்வரத்தின் வால் நடுங்கியதும் வைண்டிங் என்று தெரிந்துவிடும்.

பியானோ, பாஸ், டிரம்ஸோடு ஐந்து பேர் குழுவாக இரண்டு ஆண்டு ஊர் ஊராகச் சுற்றினார்கள். அவர்கள் தட்டுகள் கொலம்பியா போன்ற பெரிய நிறுவனத்திலிருந்தே வந்தன. 1956-ல் மேலும் ஆறு டிராம்போன்களைச் சேர்த்து எட்டுப் பேராக ஒரு தட்டே போட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது 1954 மே மாதம்தான். அந்த ஆண்டில் ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் தலைவர்–தொண்டர் என்றில்லாமல், சரிபாதித் தலைமையோடு ஒரே மேடையில் ஒரே வாத்தியத்தை ஏந்தி நின்றது சின்ன விஷயமல்ல. அவர்கள் அதைப் பிரகடனம் ஆக்கவில்லை. ஆனால் தட்டுகளின் அட்டையைப் பாருங்கள்: சிலவற்றில் ஜே பெயர் முதலில், சிலவற்றில் கை பெயர் முதலில்.

1956-ல் பிரிந்தார்கள். சண்டை எதுவும் இல்லை; இருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டிய இசை நிறைய இருந்தது. அதே 1956 நவம்பர் 1-ல் நம் எல்லை வரையப்பட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு இந்தப் பக்கம். நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம். பாறசாலையின் தமிழ் வீடுகள் அந்தப் பக்கத்தில் நின்றன. பேண்டு செட்டுகளுக்கு அந்தக் கோடு பெரிதாகத் தெரியவில்லை, கல்யாணத்துக்குக் கூப்பிட்ட இடத்துக்குப் போனார்கள். இரட்சணிய சேனை மட்டும் 1970 அக்டோபர் 1-ல் தன் தெற்குப் பிரதேசத்தைத் தமிழ், மலையாளம் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டது.

இப்போது அந்த இருவரும் மறுபடி சேர்ந்து போட்ட தட்டுக்கு வருவோம். 1960-ல் ஏபிசி-பாரமவுண்ட் நிறுவனத்துக்குள் க்ரீட் டெய்லர் என்ற தயாரிப்பாளர் ஜாஸுக்கென்றே ‘இம்பல்ஸ்’ என்ற புதுப் பெயரில் ஒரு கிளை தொடங்கினார். விரித்துப் பார்க்கும் கனத்த அட்டை, ஆரஞ்சும் கறுப்புமாக முதுகு. புதுக் கடைக்கு முதல் வியாபாரம் ராசியாக இருக்க வேண்டும் என்று எவரும் நினைப்பார்கள். டெய்லர் பிரிந்துபோன இரண்டு டிராம்போன்களைத் திரும்பக் கூப்பிட்டார். நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் கூடம். கண் பரிசோதகராக இருந்து ஒலிப்பதிவாளர் ஆனவர் அவர். மரக் கூரை தேவாலயம் போல உயர்ந்து நிற்கும் அந்தக் கூடத்தில் 1960 அக்டோபரிலும் நவம்பரிலும் பதிவு நடந்தது. ‘தி கிரேட் கை அண்ட் ஜே.ஜே.’ அடுத்த ஆண்டு வெளிவந்தது. தட்டின் எண் ஏ-1. ரே சார்ல்ஸின் தட்டு ஏ-2. பின்னாளில் ஜான் கோல்ட்ரேன் ‘எ லவ் சுப்ரீம்’ பதிவு செய்ததும் இதே பெயருக்காகத்தான். அந்த வரிசையின் முதல் எண் இரண்டு டிராம்போன்களுடையது.

பதினொரு உருப்படிகள். பியானோவில் பில் எவன்ஸ். பாஸில் சிலவற்றுக்குப் பால் சேம்பர்ஸ், மற்றவற்றுக்கு டாமி வில்லியம்ஸ். டிரம்ஸில் ராய் ஹெய்ன்ஸும் ஆர்ட் டெய்லரும். ரே சார்ல்ஸ் குரலில் ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’ அமெரிக்கா முழுக்க முதலிடத்தில் ஒலித்துக்கொண்டிருந்த அதே பருவத்தில் இவர்களும் அதை எடுத்திருக்கிறார்கள். தெலோனியஸ் மங்கின் ‘புளூ மங்க்’ இருக்கிறது. ஜான்சனின் சொந்தப் படைப்புகள் இரண்டு, வைண்டிங்குடையது ஒன்று. என் கணிப்பில் இந்தத் தட்டின் அழகு வேகத்தில் இல்லை. நான்கு ஆண்டு தனித்தனியே நடந்துவிட்டு வந்தவர்கள், பழைய நண்பனின் மூச்சு எங்கே முடியும் என்று இன்னும் மறக்கவில்லை என்பதில் இருக்கிறது. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் குழலுக்குள் காற்று ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். பில் எவன்ஸ் அதற்கு நடுவில் இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டும் தூவிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். கேட்காதவர்கள் மெதுவான உருப்படிகளிலிருந்து தொடங்கலாம்.

இந்தத் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி நம் ஊர்ப் பேண்டு செட்டுக்கு வந்தால் ஒரு கேள்வி எழுகிறது. ஜான்சன் பாடுபட்டு ஒழித்த அந்த வழிசல், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் வழுக்கும் அந்த நாதம், நமக்கு வேண்டாத பொருளா? கர்நாடக இசையில் கமகம் என்பதே அதுதானே. கிளாரினெட்டுக்குத் துளையும் சாவியும் தடையாக நின்றும் ஏ.கே.சி. நடராஜன் அதைக் கச்சேரி மேடையில் உட்கார வைத்தார். கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து ஆசைப்பட்டு, சாவிகள் நிறைந்த அந்த வாத்தியத்தில் கமகம் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1994-ல் ‘டூயட்’ படம் அவர் நாதத்தைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. டிராம்போனுக்கோ துளை, சாவி என்ற அந்தத் தடை இல்லை. இழுவைக் குழாய் வீணைத் தந்தியைவிடச் சுதந்திரமாக வழுக்கும். அதற்கு மட்டும் கச்சேரி மேடையில் நிலையான இடம் அமையவில்லை. பேண்டு வேலை, அடித்தட்டு வேலை என்ற எண்ணமே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். யார் முன்னால் உட்காரலாம் என்ற கேள்வி இந்தச் சாலையில் எல்லாருக்கும் பழகியது. அந்த ஊர்வலம் போய்ச் சேரும் திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் பெண் குரல் ஒலிக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று பாடியவர் பாறசாலை பொன்னம்மாள், வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

ஒரே ஊது வாத்தியத்தை இருவர் ஏந்தி ஜாஸும் கர்நாடகமும் கலந்த தட்டு ஒன்று 2008-ல் வந்தது. இந்திய வம்சாவளி அமெரிக்கரான ருத்ரேஷ் மகந்தப்பாவும் கத்ரி கோபால்நாத்தும் இரண்டு ஆல்ட்டோ சாக்ஸபோன்களோடு செய்த ‘கின்ஸ்மென்’. ஏ. கன்யாகுமரி வயலின், பூவளூர் ஸ்ரீஜி மிருதங்கம், ரெஸ் அப்பாஸி கிட்டார். ஜான்சனும் வைண்டிங்கும் 1954-ல் எதிர்கொண்ட அதே சிக்கல் இங்கேயும்: ஒரே குரல் இரண்டு. மகந்தப்பாவின் நாதம் கூர்மையாகக் குத்துகிறது, கத்ரியுடையது நாகஸ்வரம் போல விரிகிறது. ஒருவர் ஜாஸில் படித்தவர், மற்றவர் ராகத்தில். முகம் பார்த்து விட்டுக்கொடுத்து வாசிக்கும் முறை மட்டும் இம்பல்ஸ் ஏ-1-இல் கேட்டதேதான். கத்ரி 2019-ல் மறைந்தார். பாறசாலையிலோ மார்த்தாண்டத்திலோ டிராம்போன் ஏந்தி நடக்கும் இளைஞர்கள் இந்த இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பேண்ட் மாஸ்டர்கள் ஒரு பாட்டிலாவது மெட்டை அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கட்டும்.

அடுத்த வாரம்: பேண்டிலிருந்து கச்சேரிக்குப் போன கிளாரினெட்.

(தொடரும்)